காதுகளைச் சேர்த்தா, சேர்க்காமலா

யூட்லாந்தில் பிப்ரவரி.
கொட்டில் கதவைத் திறந்தால்
முதலில் ஆவி வெளியே வருகிறது,
அது போய் முடிந்த பிறகுதான் நமக்கு வழி.

நாற்பத்தேழாம் எண் மயக்க ஊசியில் கிடக்கிறது.
தராசு சொன்னது அறுபத்திரண்டு கிலோ.
அதன்மேல் மாவுப் பசை தடவி
பழைய செய்தித்தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறாள் இங்கெலிஸ.
விலாவில் வடகடல் வானிலை,
பின்தொடையில் ஒரு படகு விற்பனைக்கு,
வயிற்றின் மடிப்புக்குள் பாதி மறைந்த
யாரோ ஒரு மணப்பெண்.

ஊவெ கால்குலேட்டரைத் தட்டிவிட்டான்.
எடையை மூன்றில் இரண்டு அடுக்குக்குக் கொஞ்சம் குறைவாக உயர்த்தி
ஒரு சின்னப் பின்னத்தால் பெருக்கு,
வந்தது ஒன்று புள்ளி ஒன்று சதுர மீட்டர்.
"அவ்வளவுதான். எதற்கு இந்தக் காகிதச் சட்டை?"
"எடைக்கு மடிப்பு தெரியாது," என்றாள்,
அக்குளில் தாளை அழுத்தியபடி.

காதுக்கு வந்தபோது சண்டை.
காது இரண்டு. பக்கம் நான்கு.
உள்பக்கமும் தோல்தானே?
உள்பக்கம் எங்கே முடிகிறது?
காதுத் துளைக்குள் விரல் போகும் மட்டுமா,
ஒலி போகும் மட்டுமா?
வாலைப் பற்றிப் பேச்சில்லை,
அதை எப்போதோ நறுக்கிவிட்டார்கள்.

காய்ந்த சட்டையை உரித்து, வெட்டி,
தரையில் பன்றி போலவே இல்லாத ஒரு வரைபடமாகப் பரப்பி,
அதன் விளிம்பை வெள்ளைத் தாளில் வரைந்து நறுக்கினாள்.
பிறகு அந்தத் தாளை
தராசில் போட்டாள்.
ஊவெ சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தொழுவம் உறுமியது.
பரப்பைத் தேடிப் போனவள் எடைக்கே திரும்பி வந்திருந்தாள்.
காதில்லாமல் ஒன்று புள்ளி பன்னிரண்டு.
காதோடு, எழுத மறுத்தாள்.

ஹீட்டர் கம்பெனிக்கு ஒரு எண் வேண்டும்.
ஒரு பன்றி ஓர் இரவில் எவ்வளவு சூட்டை இழக்கும்,
கிலோவுக்கு எத்தனை மேனி என்று.
எடை இரட்டித்தால் தோல் இரட்டிப்பதில்லை,
ஒன்றரைக்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது.
பெரியது தன்னைத் தனக்குள்ளேயே ஒளித்துக்கொள்கிறது.
சின்னதுக்கு அந்த வசதியில்லை,
அது பெரும்பாலும் ஓரம்தான்.

அன்று இரவே தெரிந்தது.
மூலைக் கொட்டிலில் பதின்மூன்று குட்டிகள்,
கடைசியது தொள்ளாயிரம் கிராம்.
கிடைத்ததைக் கொண்டு துடைத்தாள்,
கிடைத்தது அவள் கைக்குட்டை.
சுற்றும்போதே மனம் அடுக்கு போட்டது,
அறுநூற்று எண்பத்தைந்து சதுர சென்டிமீட்டர்.
கைக்குட்டை தொள்ளாயிரம்.
சூத்திரம் சரி.
ஒரு மூலை மீந்து தொங்கியது.
கைக்குட்டைக்குள் நடுக்கமும் சரியாக இருந்தது.

விளக்கின் கீழே மற்றவை குவிந்து கிடந்தன.
அந்தக் குவியலுக்குள் இதை நுழைத்துவிட்டு
பால் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.
குவியல் அசைந்து இடம் விட்டது,
விட்ட இடத்தை உடனே மூடிக்கொண்டது.

விடிகாலையில் ஊவெ காபியோடு வந்தான்.
விளையாட்டாக எல்லாவற்றையும் ஒரே மிருகமாக்கி
பதினேழு கிலோ என்று தட்டினான்.
தனித்தனியே கூட்டிய தோலில்
பாதிகூட வரவில்லை.
மறுபடி தட்டினான். அதேதான்.
"மிச்சத் தோல் எங்கே?"

அவள் பதில் சொல்லவில்லை.
நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி இருந்தது,
குவியலுக்கு இல்லை.
குனிந்து, கடைசிக் குட்டியைத் தேடினாள்.
முதுகு, முதுகு, யாருடையதோ ஒரு குளம்பு.
இரண்டு முதுகுகளுக்கு நடுவே
ஒரு காது மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது,
உள்பக்கம் தெரிய, இளஞ்சிவப்பாய்.
எந்தக் குட்டியின் காது என்று சொல்ல முடியாது.
தொட்டுப் பார்த்தாள்.
சூடு.